பச்சை விளக்கு எரியும் முன்

துபாஷி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். இரண்டு மொழிக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்கிற வேலைக்குப் பழைய காலத்தில் அப்படித்தான் பெயர் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து, "என்னம்மா துபாஷி, இன்னைக்கு யாரா இருந்துட்டு வந்தே?" என்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. கேலிதான், ஆனால் கேள்வியில் தப்பில்லை. அந்தத் தொழிலின் முதல் விதியே அது. யாருக்காகப் பேசுகிறாயோ அவராகவே பேச வேண்டும். 'இவருக்கு முதுகு வலியாம்' என்று ஒதுங்கி நின்று சொல்லக் கூடாது, 'எனக்கு முதுகு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கால் உடைந்த கொத்தனாராகவும், கூரை ஒழுகும் வீட்டுக் கிழவராகவும், பள்ளிக்கூடத்தில் அடிதடி போட்ட பையனின் அப்பாவாகவும் இருந்திருக்கிறாள். சாயங்காலம் பஸ் ஏறினால் அவர்கள் எல்லாரும் இறங்கிக்கொள்வார்கள். அவள் மட்டும் வீடு வந்து சேருவாள்.

இன்னொரு விதியும் உண்டு. கேள்வி கேட்பவர் துபாஷியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பேச்சு யாருடையதோ அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் வேலை நேரத்தில் அவள் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. பவுடர் மிச்சம் என்பான் புருஷன்.

அந்த நாட்டுக்கு அதுவரை ஆட்சிமொழி என்று ஒன்று சட்டத்தில் இருந்ததில்லை. பெரும்பாலோர் பேசுகிற மொழியில் காரியம் நடந்தது. மற்றவர்களுக்கு விண்ணப்பத் தாள் பதினோரு மொழியில் கவுண்டரில் அடுக்கியிருக்கும். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பாதிக்குப் பாதி ஆனதும், ஒரே மொழி வேண்டும் என்று ஒரு கூட்டமும் கூடாது என்று ஒரு கூட்டமும் இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் சட்டம் வந்தது. பதினோரு தாள் ஒரு தாள் ஆயிற்று.

"நல்லதுதானே?" என்றான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். "எங்க குரூப்ல எட்டு பேரு, எட்டு பாஷை. மேல இருக்கறவன் 'நிறுத்து'ன்னு கத்தினா கீழ இருக்கறவனுக்குப் புரியணும்ல? ஒரே பாஷைன்னா நசுங்காம ஒரு கை மிச்சம்."

"நேத்து வந்து இறங்கினவனுக்கு வயித்து வலின்னா? பாஷை கத்துக்கற வரைக்கும் வலி காத்துக்கிட்டு இருக்குமா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அவள் இருந்தாள். வேலை போகவில்லை, தட்டச்சருக்குத்தான் போயிற்று. முன்பெல்லாம் ஒவ்வொரு விசாரணையிலும் மூலையில் ஒரு தட்டச்சர் உட்கார்ந்திருப்பார். இப்போது அவர் இடத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. பச்சை விளக்கு எரிந்தால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். ஆட்சிமொழியில் பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும். வேறு மொழிப் பேச்சு காதில் விழுந்தால் அதை நீக்கிவிடும். சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது.

இங்கேதான் அவளுக்குப் பழைய பழக்கம் வினையாக வந்தது. விசாரணை தொடங்குவதற்கு முன் துபாஷி ஒரு உறுதிமொழி சொல்ல வேண்டும்: "நான் மொழிபெயர்ப்பாளர். நான் சொல்வது எதுவும் என்னுடையது அல்ல. எல்லாம் இவருடையது." நாற்காலியை இழுத்துப் போடும்போதே, லேசாக ஒரு இருமல் இருமிவிட்டு, இதைச் சொல்லி முடித்துவிடுவாள். தட்டச்சர் அதைப் பதிவேட்டின் முதல் வரியாகத் தானே அடித்துக்கொள்வார். இப்போதும் அவள் அப்படியே சொன்னாள். பச்சை விளக்கு எரிவதற்கு முன்னால் சொன்னாள். அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

சட்டம் வந்த மூன்றாவது வாரம், குடியேற்ற அலுவலகம், ஏழாம் எண் அறை. திறக்க முடியாத ஜன்னல், தண்ணீர் ஜாடி, கண் துடைக்கக் காகிதப் பெட்டி. வந்திருந்தவளை மடிப்புக்காரி என்றே சொல்லிக்கொள்வோம். ஆஸ்பத்திரித் துணிக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. கை சும்மா இருக்காது. கவுண்டரில் கொடுத்த டோக்கன் சீட்டை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்து வைத்திருந்தாள்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை, இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். அவருடைய அம்மாவும் வெளியிலிருந்து வந்தவள்தான். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தும் மொழி கற்றுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் அம்மாவின் கர்ப்பப்பைக் கோளாறைப் பத்து வயதில் இவர்தான் எடுத்துச் சொன்னாராம். வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலைமை வரக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சட்டம் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

மடிப்புக்காரியின் மனு ஒன்றே ஒன்றுதான். அவள் மகளை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும். அவள் பேசப் பேசத் துபாஷி அவளாகவே பேசினாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்தேன். அப்ப என் மகளுக்கு மூணு வயசு முடியல. அவ அப்பா இல்ல, போய்ச் சேர்ந்துட்டார். என் அக்காகிட்ட விட்டுட்டு வந்தேன். என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவா. கிளம்பின அன்னைக்கு அவ கையிலேருந்து விரலை உருவ எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு."

சொல்லும்போது துபாஷியின் சுண்டு விரல் விறைத்துக்கொண்டது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எல்லாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. 'என் மகள்' என்கிற வார்த்தையைத் தொழிலில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது வாயை விட்டுப் போக மறுத்து நாக்கிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கையெழுத்துப் போடப் பதிவுத் தாள் வந்தது. படித்தாள். அதிகாரியின் கேள்வி, பதில், கேள்வி, பதில். பேசியவர்கள் இரண்டே பேர். உறுதிமொழி இல்லை. 'என் மகள்' என்று சொன்னவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் துபாஷியின் பணி எண் இருந்தது.

விறுவிறுவென்று பதிவறைக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் பென்சிலைக் கடித்தபடி, "நீங்களே கேளுங்க" என்று ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்.

மின்விசிறி ஓடியது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. பக்கத்து அறையில் யாரோ கதவு சாத்தியதுகூடக் கேட்டது. மடிப்புக்காரி மட்டும் இல்லை. அவள் பேச்சை நீக்கினது சரி, அதுதான் சட்டம். ஆனால் அவள் மூக்கை உறிஞ்சினாளே, அது எங்கே? டோக்கனை மடித்த சரசரப்பு எங்கே? நடு நடுவே மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு துபாஷியின் குரல், யாருமே எதுவும் சொல்லாமல், தானாக, "என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவா" என்றது.

"அந்தம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க" என்றாள்.

"இருந்திருக்கலாம்" என்றார் எழுத்தர். "திருத்தம் போடணும்னா போடலாம். ஆனா போட்டா இந்தப் பதிவே செல்லாது. மனுதாரர் பேசினதா எங்கயும் இல்லையே? பேசாதவங்களுக்கு மனு எப்படி நிக்கும்? மறுபடி முதல்லேருந்து வரணும். நாலு மாசம் ஆகும்."

நாலு மாதம் அவகாசம் கிடையாது. ஆறு வாரத்தில் குழந்தைக்குப் பத்து வயது முடிகிறது. பத்து முடிந்தால் அங்கேயே ஆட்சிமொழித் தேர்வு எழுதித் தேறிவிட்டுத்தான் வர வேண்டும், அதுவும் புதுச் சட்டம்தான். அந்தப் பெண் இருக்கும் இடத்தில் அந்த மொழி சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடையாது.

துபாஷி திருத்தம் போடவில்லை. குழந்தைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். முழு உண்மை இல்லை என்பதும் அவளுக்கே தெரியும்.

இரண்டாம் விசாரணைக்கு அவள் திடமாகத்தான் போனாள். இந்த முறை பச்சை விளக்கு எரிந்த பிறகே உறுதிமொழி சொல்வது என்று முடிவு. நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. இருமினாள், வாயைத் திறந்தாள். அதிகாரி நிமிர்ந்து நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. பார்த்தது பார்த்தபடி, அருகிலிருந்த மடிப்புக்காரியின் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. ஒரு தாயைப் பார்க்கிற பார்வை அது, இரக்கமும் மரியாதையுமாக. வாய் வரை வந்த உறுதிமொழி வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"உங்க மகளுக்கு ஏதாவது அங்க அடையாளம் உண்டா?" என்று கேட்டார்.

"இடது காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு" என்றாள் துபாஷி. "பால் பொங்கித் தெறிச்சது. ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். வலிச்சதுக்கு அழல, நான் அழுததைப் பார்த்துட்டுதான் அழுதா."

அதிகாரி கோப்பிலிருந்த படத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் துபாஷிக்கு உறைத்தது. கேள்வியை அவள் மொழிபெயர்க்கவே இல்லை. மடிப்புக்காரி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் துபாஷி மடிப்புக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தழும்பு விஷயம் நீங்க எப்பவோ எங்கிட்ட சொன்னீங்கதானே?"

மடிப்புக்காரி யோசித்தாள். நேர்மையாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "தழும்பா? எந்தத் தழும்புக்கா?"

"பால் தெறிச்சதே."

"பாலா?" என்றாள். அப்புறம் சங்கடமாகச் சிரித்தாள். "ஏழு வருஷம் ஆச்சில்லக்கா. எல்லாம் ஒரு மாதிரி கலங்கலா இருக்கு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளோடு போனில் பேசுவது அவள் வழக்கம். அடுத்த ஞாயிறு துபாஷியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். "என்ன பேசறதுன்னே தெரியலக்கா. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு முழிக்கிறேன். நீங்களே பேசுங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் நல்லா வருது."

துபாஷி முடியவே முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் கை போனை வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள். அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பிடிக்காது, வேப்பெண்ணெய் வாசனை பிடிக்காது, பெரியம்மா தலை வாரினால் வலிக்கிறது. எல்லாம் அவள் சொல்வதற்கு முன்பே துபாஷிக்குத் தெரிந்திருந்தது. மடிப்புக்காரி சோபா நுனியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டு விஷயத்தைக் கேட்பவள் போலப் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தாள்.

அதற்கடுத்த வாரம் புருஷன் படுக்கையறை வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது எப்பக் கத்துக்கிட்டே?" என்றான். அவள் குனிந்து பார்த்தாள். படுக்கை விரிப்பைத் தாடையில் இடுக்கி, இரண்டு கையையும் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூன்று உதறலில் மடித்து முடித்திருந்தாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் விரிப்பைச் சுருட்டிப் போட்டுத்தான் அவனுக்குத் தெரியும்.

அனுமதிக் கடிதம் வீட்டு முகவரிக்கே வந்தது. புருஷன்தான் பிரித்தான். "'தங்கள் மகளை அழைத்துக்கொள்ள' அப்படின்னு போட்டிருக்கு. எனக்குத் தெரியாம இது எப்ப நடந்துச்சு துபாஷி?" என்று சிரித்தான். தூதரகத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்களாம், 'இது என் அம்மா குரல்தான்' என்று குழந்தை அடையாளம் சொன்னதாம். அதையும் வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவள் நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். கேட்டுவிட்டுக் கடிதத்தைத் திரும்பவும் உறைக்குள் போட்டான்.

"திருத்திடு" என்றான். "இது அடுத்தவ பிள்ளை."

"திருத்தினா அந்தப் பொண்ணு அங்கயே கிடக்கும்."

"அப்ப முதல்ல வரட்டும். வந்ததும் சொல்லிடலாம்." அவன் அடுத்த அறையை எட்டிப் பார்த்தான். ஏணியும் கருவிப் பெட்டியும் போட்டு வைத்திருக்கும் அறை. மறுநாள் அவள் வேலை விட்டு வந்தபோது ஏணி இல்லை. சுவருக்கு வெள்ளையடித்திருந்தான்.

மடிப்புக்காரியிடம் கடிதத்தைக் காட்டி, எங்கே தப்பு நடந்தது என்பதை வரிவரியாக விளக்கினாள். "வாசலைத் தாண்டின நிமிஷமே எல்லாத்தையும் சொல்லிடலாம். உங்க பொண்ணு உங்களுக்குத்தான். நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்றாள்.

"நீங்க எதுக்குக்கா அழறீங்க?" என்றாள் மடிப்புக்காரி, ஆதரவாக அவள் முதுகைத் தடவியபடி. "உங்க பொண்ணு வருது. சந்தோஷமா இருங்க."

துபாஷி அவள் கண்ணையே பார்த்தாள். பயத்தில் பேசுகிறாளா, பிள்ளை வந்து சேர வேண்டுமே என்று சாமர்த்தியமாகப் பேசுகிறாளா என்று துழாவினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

விமானம் காலை பத்து மணிக்கு. வருகைக் கூடத்தில், தனியாக வரும் சிறுவர்களைப் பெற்றோரிடம் ஒப்படைக்க ஒரு மேஜை. மேஜை மேல் அதே சோப்புப் பெட்டி, பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. மடிப்புக்காரியை வரச் சொல்லிக் கெஞ்சிக் கூட்டி வந்ததே துபாஷிதான். நேரில் பார்த்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும், ரத்தம் சும்மா விடாது என்று நம்பினாள். அந்த நம்பிக்கை ஒன்றைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை வந்தாள். வயதுக்கு மீறின உயரம், தோளில் பெரிய பை. மடிப்புக்காரியின் அதே நெற்றி, அதே மேலுதடு. குருடனுக்குக்கூடத் தெரியும்.

மேஜைக்காரப் பெண் தாளைப் பார்த்தாள். "தாய் யார்?"

துபாஷி பக்கத்தில் திரும்பினாள். மடிப்புக்காரி பேசாமல் நின்றாள். மேஜைக்காரப் பெண் பேனாவைத் தட்டினாள். இரண்டாம் தடவை கேட்டாள். இன்னொரு முறை கேட்டால் பிள்ளையைத் திருப்பி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

"நான்" என்றாள் துபாஷி. இந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லி அவள் சொல்லவில்லை.

"இவங்க யாரு? ஒப்படைக்கிற இடத்துல வேற ஆள் நிக்கக் கூடாதே?"

துபாஷி பதில் தேடுவதற்குள் பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது. லேசான, தொண்டையைச் சரிசெய்துகொள்கிற இருமல். அவளுடைய இருமல். மடிப்புக்காரி ஒரு அடி முன்னால் வந்து, ஒரு தடுக்கல் இல்லாமல், சுத்தமான ஆட்சிமொழியில் சொன்னாள்:

"நான் மொழிபெயர்ப்பாளர். நான் சொல்வது எதுவும் என்னுடையது அல்ல. எல்லாம் இவருடையது."

அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்தது அந்த மூன்று வாக்கியம்தான். முதல் விசாரணையில் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது பதிவாயிற்று.

மேஜைக்காரப் பெண் சரி என்று தலையசைத்துவிட்டு முத்திரையைக் குத்தினாள். குழந்தை தயங்கித் தயங்கி நடந்து வந்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றாள். மடிப்புக்காரியை அண்ணாந்து பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

துபாஷி மனசுக்குள் மன்றாடினாள். சொல்லு. தாயே, உன் காலில் விழுகிறேன், இப்போதாவது சொல்லு.

"நான் சும்மா நடுவுல பேசறவ கண்ணு" என்றாள் மடிப்புக்காரி. "நீ என்னைப் பார்க்கக் கூடாது. அவங்களைத்தான் பார்க்கணும்."

குழந்தை சொன்னபடி துபாஷியின் பக்கம் திரும்பினாள். குழந்தையின் தலைக்கு மேலே மடிப்புக்காரி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், தொழில் தெரிந்தவளின் நிதானத்தோடு பேசினாள்.

"அன்னைக்கு உன் கையிலேருந்து என் விரலை உருவ எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ஏழு வருஷமா அந்த விரல் மட்டும் மரத்துப்போய்க் கிடக்கு கண்ணு. என்னை மன்னிச்சிடு."

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அது நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பேசி முடித்ததும் கீழே கிடந்த பயணச் சீட்டை எடுத்து நான்காக மடிக்க ஆரம்பித்தாள்.

"இல்லம்மா," என்று துபாஷி தமிழில் சொன்னாள், "நான் இல்ல, இவங்கதான் உன் அம்மா." உதடு அசைந்தது அவளுக்குத் தெரிந்தது. கூடத்தில் ஒலிபெருக்கி கேட்டது, பெட்டிகளின் சக்கரம் உருள்வது கேட்டது, முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும் அவள் காதிலேயே விழவில்லை.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கையை நீட்டி, தேடாமல், அவளுடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள்.